ஒன்பது ஸ்பானிஷ் சொற்களும் ஒட்டாத கதவும்

1. வார்னிஷ் வாசம்

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் பட்டறைக்குள் நுழைந்தபோது, இன்னும் பொருத்தவே படாத கதவுக்கு வார்னிஷ் அடித்து முடிந்திருந்தது.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு இதன் பயங்கரம் உடனே விளங்காது. கதவைத் துண்டு துண்டாகச் செய்துதான் பிறகு பொருத்துகிறோம். குறுக்குச்சட்டத்தின் முனையில் நாக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும் கழுந்து, நெடுஞ்சட்டத்தில் குடைந்த துளைக்குள் போய் உட்காரும். கழுந்தில் பசை பூசினால் மரம் அதைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும். கழுந்துக்கு வார்னிஷ் அடித்துவிட்டாலோ மரம் எதையும் குடிக்காது. பசை மேலாக நின்று காய்ந்து, ஒரு நாள் உதிர்ந்துவிடும். எங்கள் கதவின் ஆறு கழுந்துகளும் கண்ணாடி போல மின்னிக்கொண்டிருந்தன.

பத்து மணிக்கு அந்தக் கதவைப் பார்க்க ஸ்பெயின் நாட்டு அம்மா ஒருவர் வரவிருந்தார். அவருக்குப் பிடித்தால் நாற்பது கதவுகள் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு, கொள்கலனில் வந்திறங்கும் ரெடிமேட் கதவுகளை விற்கும் கடையாக அதை மாற்றப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார். பத்துப் பேருக்கு வேலை போகும். அதில் முதல் ஆள் நான். எனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று சொல்லி வைத்தவனும் நான்தான்.

2. எனக்கு ஸ்பானிஷ் தெரிந்த விதம்

எங்கள் பட்டறை கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டிச் சற்று உள்ளே இருக்கிறது. நான் அங்கே தலைமைத் தச்சன். எல்லோரும் 'பாஸ்' என்பார்கள். அதற்கு முன் இரண்டு வருடம் டோஹாவில் வேலை செய்தேன். அங்கே ஸ்பெயின்காரர் ஒருவர் இன்ஜினியராக இருந்தார். அவர் காலையில் "குட் மோர்னிங்" என்பார், நான் சிரிப்பேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு தேநீர் வேளைகளில் நான் சொல்லச் சொல்ல அந்தப் பழக்கம் வளர்ந்தது. கடைசியில் அந்த மனுஷன் தன் குடும்பப் பிரச்சினைகளை என்னிடம் ஸ்பானிஷில் சொல்லி ஆலோசனை கேட்கும் நிலைக்கு வந்திருந்தார்.

இதை எங்கள் முதலாளி ஹாஜியாரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு திங்கட்கிழமை வந்தார்.

"கணேசன், பேராதனைப் பக்கம் மலையில ஒரு ஹோட்டல் கட்டுறாங்க. மர வேலைக்கெல்லாம் பொறுப்பா ஸ்பெயின்ல இருந்து ஒரு அம்மா வந்து இரிக்காங்க. பேரு பிலார். அவங்களுக்கு இங்கிலீஷ் கொஞ்சந்தான். மொழிபெயர்க்க ஆள் வெக்க மாட்டாங்களாம். அவங்க சொன்னா வேலையாள் நேரா வெளங்கிச் செய்யோணுமாம்."

"அதுக்கென்ன ஹாஜியார்."

"பிலிமத்தலாவையில ரெண்டு பட்டறைக்கும் சொல்லி இரிக்காங்க. நம்மட ஆக்களுக்கு ஏலுமா?"

"ஹாஜியார், நான் இருக்கேன்ல" என்றேன்.

ஹாஜியார் போனை நீட்டினார். அந்த அம்மா ஒரு தாள் அனுப்பியிருந்தார். இடப்பக்கம் ஒன்பது ஸ்பானிஷ் வினைச்சொற்கள், வலப்பக்கம் அவற்றின் ஆங்கில அர்த்தம். சனிக்கிழமை வருவேன், என் முன்னால் ஒரு மாதிரிக் கதவைப் பொருத்திக் காட்டுங்கள், இந்த ஒன்பது சொல்லும் தெரிந்தால் போதும் என்று செய்தி.

ஒன்பதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

3. மரியாதைச் சொற்கள்

சொற்கள் இவை. பர்னிசார் என்றால் வார்னிஷ் அடிப்பது. செப்பியார், சீவுளி போடுவது. கொர்த்தார், வெட்டுவது. என்கொலார், பசை பூசுவது. என்சம்பிளார், பொருத்துவது. லிஹார், சேன்ட் பேப்பர் தேய்ப்பது. மெதிர், அளவெடுப்பது. செர்ரார், வாளால் அறுப்பது. தலத்ரார், துளை போடுவது.

உச்சரிப்பை என் மகளின் போன் சொல்லித் தந்தது. அழுத்தினால் ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொல்லும். நான் பஸ்ஸில் காதில் வயரைச் செருகிக்கொண்டு, தொடையில் கையைத் தேய்த்து "லிஹார், லிஹார்" என்று பாடம் பண்ணினேன். பக்கத்தில் இருந்த உம்மா ஒருவர், "தம்பிக்கு ஏலாம இரிக்கா?" என்று கேட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து விட்டார்.

ஒன்பதையும் எல்லோரும் படிப்பது நடக்காத காரியம். ஆகவே ஆளுக்கு ஒரு சொல், அதிகம் போனால் இரண்டு என்று பிரித்தேன். அவரவர் சொல் காதில் விழுந்தால் அவரவர் எழும்ப வேண்டும். சீவுளிக்கார யோகனுக்குச் செப்பியார். சேன்ட் பேப்பர் பிடிக்கும் சாந்திக்கு லிஹார். வார்னிஷ் அடிக்கும் பியதாசவுக்குப் பர்னிசார். அளவெடுக்கும் மெதிர் எனக்கு.

சாந்தி என் வயதுக்காரி. வாய் மட்டும் மூத்தது. பட்டியலைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"எல்லாம் ஆர், ஆர்னு முடியுது பாஸ். வந்தார், போனார்ங்கிற மாதிரி ரொம்ப மரியாதப்பட்ட ஆளுங்கதான் போல. ஒங்க சொல்லு மட்டும் மெதிர்னு மொட்டையா நிக்குது பாருங்க."

"சும்மா படி."

"ஏன் பாஸ், கொர்த்தாருக்கும் செர்ராருக்கும் என்னா வித்தியாசம்? ரெண்டும் வெட்டுறதுதானே?"

இங்கிலீஷ் அர்த்தத்தைப் பார்த்தேன். ஒன்று கட், மற்றது வாளைக் குறிக்கும் சோ. "நாமளும் கட்டைய வெட்டுறது வேற, வாள் போட்டு அறுக்குறது வேறன்னு சொல்றோம்ல. அதான்" என்றேன். என் ஸ்பானிஷ் அறிவை அன்று யோகன் மெச்சினான். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. ஆபத்து அங்கேதான் தொடங்கியது.

4. மேலிருந்து கீழ்

வெள்ளி மாலைக்குள் சட்டங்களும் அவற்றின் நடுவே உட்காரும் பெனல் பலகைகளும் தயார். அறுத்து, சீவி, தேய்த்து, பசை போடாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்துக் கழற்றி வைத்தோம். மறுநாள் அந்த அம்மா முன்னால் பசை பூசி இறுக்க வேண்டியதுதான் பாக்கி.

போகும் முன் ஒன்பது சொற்களையும் கரும்பலகையில் எழுதினேன். தமிழ் எழுத்தில், பியதாசவுக்காகச் சிங்கள எழுத்திலும். பக்கத்தில் அர்த்தம், அதற்குப் பக்கத்தில் ஆளின் பெயர். காலையில் வந்ததும் எல்லோரும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்பது எண்ணம். என் எழுத்தை நானே தள்ளி நின்று ரசித்தேன்.

இப்போது எங்கள் பட்டறையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கரும்பலகையில்தான் மறுநாள் வேலையை நான் எழுதுவேன். மேலே இருப்பது முதலில், கீழே இருப்பது கடைசியில். முதல் வரியில் பெயர் உள்ள ஆள் மற்றவர்களுக்கு முன்னால் வந்து வேலையைத் தொடங்கிவிட வேண்டும். 'போர்ட்டுல மேலருந்து கீழ, கேள்வி கிடையாது' என்று சட்டம் போட்டவனும் நான்தான்.

அந்த அம்மாவின் பட்டியல் ஏபிசிடி வரிசையில் இருந்தது. ஆகவே வார்னிஷ் முதலில்.

பியதாச அந்த வாரம் தங்கையின் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். ஸ்பெயின் அம்மா வருவது மட்டும் தெரியும், பாடம் எதுவும் அவருக்குத் தெரியாது. சனிக்கிழமை ஆறரைக்கு வந்திருக்கிறார். போர்ட்டில் முதல் வரி வார்னிஷ், பக்கத்தில் தன் பெயர். சட்டப்படி தொடங்கிவிட்டார். சீக்கிரம் காயும் வார்னிஷ் வேறு. வெயிலில் சாய்த்துவைத்துக் காயவும் விட்டிருந்தார். இருபது வருட அனுபவம். கழுந்தில் ஒரு மூலை விடவில்லை.

"என்ன பியதாச இது?"

"பாஸ்தானே எழுதினது" என்றார் பியதாச, தூரிகையைத் துடைத்தபடி. "மேல இருந்து கீழ. நான் நினைச்சது, ஸ்பெயின் ஆக்கள் இப்பிடித்தான் செய்யிறது என்டு."

நான் கரும்பலகையைப் பார்த்தேன். அந்த வரிசைப்படி வெட்டிய பிறகுதான் அளவெடுக்க வேண்டும். பொருத்தி முடித்து, பிறகு தேய்த்து, பிறகு அளந்து, பிறகு அறுத்து, கடைசியில் துளை போட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு தலைமைத் தச்சன் என்ன செய்வான்? நான் மரம் அடுக்கும் அறைக்குப் போய், மகோகனிப் பலகைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். கரண்ட் இல்லை என்று சொல்லலாமா, கதவைக் காணோம் என்று சொல்லலாமா, என்னையே காணோம் என்று சொல்லச் சொல்லலாமா என்று வரிசையாக யோசித்தேன். ஐந்து நிமிடம் இருந்திருப்பேன். சாந்தியின் தலை தெரிந்தது.

"பாஸ், அங்கன எதுக்கு அளவெடுக்குறீங்க?"

"பலக எண்ணுறேன்."

"எண்ணினது போதும், எந்திரிங்க. அந்தம்மா வந்துட்டாங்க."

மணி ஒன்பதேகால்.

5. சொற்கள் எழும்பி நின்றன

பிலார் என்ற அந்த அம்மாவுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். கட்டை மயிர், காதில் பென்சில், கனத்த சப்பாத்து. ஹாஜியார் வணக்கம் சொல்லிக் கதிரை போட்டதை அவர் கவனிக்கவே இல்லை. நேரே கதவின் சட்டத்தை எடுத்தார். கழுந்தைத் தடவினார். முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.

நான் என் ஸ்பானிஷ் முழுவதையும் திரட்டி, "பர்னிசார்" என்றேன்.

அவர் கரும்பலகையைப் பார்த்தார். தன் பட்டியலே பெயர்களோடு வரிசையாக நிற்பதைக் கண்டார். விரலால் மேலிருந்து கீழாகக் காட்டி, "யூ வேர்க்... லைக் திஸ்?" என்று கேட்டார்.

"எவ்ரி டே, மேடம்" என்றேன். அதில் பொய் இல்லை.

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து, ஹாஜியார் போட்ட கதிரையில் அப்போதுதான் உட்கார்ந்தார். பிறகு எழும்பி, சிரிப்பு இல்லாத குரலில் சொன்னார்: "செப்பியார்."

நான் வாயைத் திறக்கும் முன் யோகன் சீவுளியோடு சட்டத்தின் முன் நின்றான். கழுந்தின் மேலிருந்த வார்னிஷ் சுருள் சுருளாக விழுந்தது. "லிஹார்" என்றார். சாந்தி சேன்ட் பேப்பரோடு யோகனைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். மூலையில் ஒட்டியிருந்ததைக் காட்டி "கொர்த்தார்" என்றார். உளிக்காரர் எழும்பினார். ஆறு கழுந்துகளும் வெறும் மரமாக வெளியே வந்தன. ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹாஜியார் வாசலில் நின்று தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மெதிர்" என்றார் அந்த அம்மா.

யாரும் எழும்பவில்லை.

"மெதிர்" என்றார் மறுபடியும், சற்றுக் கடுமையாக.

எவன் இந்த மடையன், பாடம் பண்ணவில்லையா என்று நான் கோபமாகச் சுற்றிப் பார்த்தேன். சாந்தி என் விலாவில் குத்தினாள். "அது நீங்கதான் பாஸ்."

அளந்தேன். சீவியதில் கழுந்து ஒவ்வொன்றும் அரை நூல் இளைத்திருந்தது. நாங்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்து அளப்பவர்கள். அரை நூல் என்பது கடதாசி நாலைந்தை மடித்து வைத்த அளவு. ஆனால் நேற்று இறுக்கமாகப் போன கழுந்து இன்று துளைக்குள் லேசாக ஆடியது. அந்த அம்மா பசைப் போத்தலை எடுத்து, ஆடும் கழுந்தைப் பார்த்து, போத்தலைத் திரும்ப வைத்துவிட்டார். வார்னிஷ் குடித்த மரம், இளைத்த கழுந்து. பசை நிற்காது. இந்தச் சிக்கலுக்கு அவர் பட்டியலில் சொல் இல்லை.

எனக்குப் பயம் தெளிந்தது அந்த நேரத்தில்தான். ஸ்பானிஷ் தீர்ந்துவிட்டது, இனிமேல் தச்சு வேலைதானே.

எங்கள் பக்கத்து மழையில் பசையை மட்டும் நம்பிக் கதவு செய்தால், அடுத்த மழைக்குள் அதே வீட்டுக்காரர் போன் எடுப்பார். ஆகவே வெளிக்கதவுகளுக்கு நாங்கள் கித்துள் என்கிற கூந்தற்பனை மரத்தில் சீவிய ஆணிகளை இறக்குவோம். சூட்சுமம் துளையில் இருக்கிறது. நெடுஞ்சட்டத்தில் ஒரு துளை. கழுந்தை உள்ளே செருகி, துளையின் இடத்தைப் பென்சிலால் குறித்து, வெளியே எடுத்து, கழுந்தில் போடும் துளையைக் குறித்த இடத்திலிருந்து அரை நூல் குறுக்குச்சட்டத்தின் பக்கமாகத் தள்ளிப் போட வேண்டும். இரண்டு துளைகளும் நேருக்கு நேர் வராது. கித்துள் ஆணியை அடித்து இறக்கும்போது அது வளைந்து போய்க் கழுந்தை இழுத்துத் துளைக்குள் இறுக்கிவிடும்.

"தலத்ரார்" என்று நானே சொன்னேன். டிரில்லோடு ஆள் வந்தான். "என்சம்பிளார்" என்றேன். நான்கு பேர் வந்தார்கள். கொட்டாப்புளியை எடுத்து முதல் ஆணியை நானே இறக்கினேன். சட்டமும் சட்டமும் சேர்ந்த இடத்தில் தெரிந்த கோடு, கண்ணுக்கு முன்னால் மெலிந்து மறைந்தது. பன்னிரண்டு ஆணிகள். ஒரு துளிப் பசை இல்லை.

அந்த அம்மா கதவை ஒரு மூலையில் நிறுத்தித் தள்ளிப் பார்த்தார். மறுமூலையில் தள்ளினார். இரண்டு மரக்குதிரைகளின் மேல் அதைப் படுக்க வைக்கச் சொல்லி, அதன் மேல் ஏறி உட்கார்ந்தார். கதவு முனகக்கூட இல்லை. சாந்தி தேநீர் கொண்டுவந்து கொடுக்க, எங்கள் கதவின் மேல் இருந்தபடியே குடித்தார்.

பிறகு பெனலைத் தடவிக்கொண்டு, "ஹூ?" என்று கேட்டார்.

பியதாச மெதுவாகக் கையை உயர்த்தினார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் சைகை, கடைசியில் கரித்துண்டால் ஒரு படம் என்று விளக்கினார். வெயில் காலத்தில் பெனல் சுருங்கும்போது, சட்டத்துக்குள் ஒளிந்திருந்த ஓரம் வெளியே வந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். பொருத்தும் முன்பே பெனலுக்கு வார்னிஷ் அடித்துவிட்டால் அந்தக் கோடு வராது. அவருடைய ஊரில் அப்படித்தான் செய்வார்களாம். கழுந்தை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

பியதாச என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அர்த்தம் சொல்ல எந்தப் பட்டியலும் தேவையில்லை.

கடைசியாக அந்த அம்மா ஆணியைக் காட்டி, இழுத்து இறுக்குவது போலக் கையால் சைகை செய்து, இதற்கு உங்கள் சொல் என்ன என்று கேட்டார். "இழு" என்றேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பிறகு கரும்பலகைக்குப் போய், ஒன்பது சொற்களுக்கும் கீழே தன் எழுத்தில் அதை எழுதி, கூடவே தன் வழக்கப்படி ஓர் 'ஆர்' சேர்த்துவிட்டார்.

"பாத்தீங்களா பாஸ்" என்றாள் சாந்தி. "நம்ம சொல்லுக்கும் மரியாத வந்துருச்சு."

நாற்பது கதவுகள் எங்களுக்கு வந்தன. ஹாஜியார் போகும்போது என் காதருகில், "கணேசன், ஒங்கட ஸ்பானிஷ் நல்லாத்தான் இரிக்கி. மகோகனிக்குப் பின்னால போய்ப் பேசினதுதான் எனக்குக் கேக்கல்ல" என்றார்.

6. இப்போதைய கரும்பலகை

இப்போது எங்கள் பட்டறையில் எண் போடாமல் எதையும் எழுதுவதில்லை. ஒன்று, மெதிர், பக்கத்தில் என் பெயர். பர்னிசார் இரண்டு இடத்தில் வருகிறது. பெனலுக்கு ஒருமுறை, கதவு முடிந்த பிறகு ஒருமுறை. இரண்டிலும் பியதாசவின் பெயர். அதை அவர் லீவு நாளிலும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார் என்று சாந்தி சொல்கிறாள்.

புதிதாக வரும் தம்பிமார், பாஸ் ஒன்பது ஸ்பானிஷ் சொல்லும் தெரிந்தவர் என்று பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும், நான் தடுப்பதில்லை. ஆனால் என் அனுபவத்தில் ஒன்பதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உன் சொல் ஒன்று தெரிந்தால் போதும். அதைக் கூப்பிடும்போது நீ பலகை அடுக்குக்கு முன்னால் நிற்க வேண்டும், பின்னால் அல்ல.