எறும்புக்குத் தெரிந்த நோன்பு மாதம்

கற்பிட்டிப் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பனி. அங்கே கம்ப்யூட்டர் என்றால் நான்தான். படித்து வந்த வேலையில்லை. கழற்றிப் பூட்டிப் பழகினது. எது நின்றாலும் முதலாளி போனில் எனக்குத்தான் கோல் எடுப்பார். "எங்கட ஆள் வந்தாச் சரி" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

பிறகு என் மனிசியின் தம்பி கெம்பஸ் படிப்பு முடித்து வந்தான். நெட்வேர்க்குக்குள் களவாகப் புகுகிறவனைத் தடுக்க, எறும்பைப் பார்த்து ஒரு புரோகிராம் எழுதி, முதலாளிக்குக் காட்டக் கம்பனிக்கே கொண்டுவந்தான்.

"எறும்பு இரை கண்ட வழியில வாசம் விட்டுப் போகும் மச்சான். நல்ல வழியில வாசம் கூடும், மத்த எறும்பெல்லாம் அதாலயே வரும். இதுவும் அப்படித்தான். எந்த அடையாளத்தப் பாத்தா கள்ளன் பிடிபடுவான் எண்டு தானாத் தேடி எடுக்கும்."

"எங்கட சீனிப் போத்தலுக்குள்ளயும் நிறையப் பேர் அந்த வேலைதான் செய்றாங்க" என்றேன். முதலாளி சிரிக்கவில்லை. கதிரையை அவன் பக்கம் திருப்பிப் போட்டார். வீட்டில் மனிசி அவனுக்கு வட்டிலப்பம் வைத்தாள். எனக்கும் வைத்தாள், ஓரத் துண்டு.

எங்கள் கம்பனியின் வழமையான நடமாட்டம் எதுவென்று அந்த எறும்பு நோன்பு மாதம் முழுக்கப் பார்த்துப் படித்தது. நோன்பில் எங்கள் பகல் அரைத் தூக்கம். வேலையெல்லாம் விடியலோடு முடிந்துவிடும். பெருநாள் கழிந்த முதல் வேலைநாள், பகல் சாப்பிட்டு வந்த எல்லோரும் ஒன்றாகக் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். அவ்வளவுதான். அத்தனை பேரையும் கள்ளன் என்று தடுத்துவிட்டது. மீன் லொறி வாசலில் நிற்கிறது, பேப்பர் அனுப்ப வழியில்லை.

முதலாளி எனக்குக் கோல் எடுத்தார். மனசுக்குள் இன்னொரு பெருநாள். மோட்டர் சைக்கிளில் பறந்து போனால், அவன் எனக்கு முன்னமே அங்கே. அவனுடைய போனுக்கு எறும்பே செய்தி அனுப்பியிருந்ததாம். வயிறு குலுங்கச் சிரிக்கிறான்.

"மச்சான், இது நோன்ப மட்டுந்தானே பாத்திருக்கு! பகல்ல இவ்வளவு பேர் உசாரா இருக்கிறதக் கண்டு பயந்துட்டுது."

தடையைத் தளர்த்தினான், லொறி போனது. முதலாளியும் சிரித்து அவன் தோளில் தட்டினார். பிழை விட்டவனுக்குத் தட்டு! நான் பிழை விட்ட நாட்களில் எனக்குத் தோள் இருந்ததாகவே ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. அதைவிட எரிச்சல், அந்த மாதம் முழுக்க நானும் அதே அறையில் நோன்போடுதான் இருந்தேன். எனக்கும் இது தோன்றவில்லை.

அடுத்த கிழமை முதலாளியின் கோல். துள்ளி எடுத்தேன்.

"தம்பி, எங்கட ஆள்ட நம்பர ஒருக்கா அனுப்புங்க."

"யார்ட?"

"உங்கட மச்சான்டதான்."

"ஓம், இப்ப அனுப்புறன்" என்றேன். கடைசி இலக்கம் பிழையாக விழுந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திருத்தி அனுப்பினேன்.