ஆஸ்பத்திரியில் சுவிட்ச் நிறுத்தப் போனவன்

ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவருக்குக்கூட ஒரு நன்றி கிடைக்கும். ஃபேனை நிறுத்துகிறவனுக்கு முறைப்புதான். வீட்டில் லைட்டை நிறுத்தச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளும் உங்களுக்கு இது தெரியாததில்லை.

பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்துவிட்டு, வயசான காலத்தில் விருத்தாசலத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் பார்க்கச் சேர்ந்தேன். பழைய ஜெனரேட்டர். கரண்டு போகும்போது எல்லா ஏசியும் ஓடினால் பாரம் தாங்காமல் நின்றுவிடும். அந்த ஐப்பசியில், குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை மாடியில் வார்மரில், அதாவது சூடு கொடுக்கிற மிஷினில், கிடந்தது. "இந்தப் புள்ள வூட்டுக்குப் போற வரைக்கும் தேவையில்லாம ஒண்ணும் ஓடக் கூடாது. எல்லார்கிட்டயும் சொல்லுங்க பெரியவரே" என்று டாக்டரம்மா பொறுப்பை என் தலையில் வைத்தார்.

காலி அறை

ஆளில்லாத அறையில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. கட்டில், சலைன் கம்பி எல்லாவற்றிலும் யூனிஃபார்ம் புடவைகள். ஆயா கலியம்மா இன்னொன்றைப் பிழிந்துகொண்டே வந்தார். "யாருமில்லாத ரூமுக்கு எதுக்கும்மா ஃபேனு?" என்றேன். நிதானமாக உதறிப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"ஆளு ஃபேன் இல்லாமயும் இருந்துக்கும்ணே. புடவ காயுமா?"

குல்லா

கணக்கு எழுதுகிறவர் ஏசியை ஓடவிட்டு, குரங்குக் குல்லாவை இழுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளிர்ந்தால் நிறுத்தலாமே சார் என்றேன்.

"நிறுத்துனா வேர்க்குமே பெரியவரே."

விளக்கு வைக்கிற நேரம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம். வராந்தாவில் ஈ காக்கை இல்லை, லைட்டெல்லாம் எரிந்தது. சுவிட்சில் கை வைத்தேன். ஸ்டெல்லா சிஸ்டர் ஓடிவந்து தடுத்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் நிறுத்தினால் லட்சுமி வெளியே போய்விடுமாம். "நீங்க ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவங்களாச்சே சிஸ்டர்" என்றேன்.

"அது ஞாயித்துக்கிழமைங்க ஐயா. இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

நின்றுபோனது

அடுத்த வெள்ளிக்கிழமை, அதே நேரம், மழையோடு கரண்டு போனது. ஜெனரேட்டரைப் போட்டேன். உறுமியது, நின்றது. மாடிக்கு ஓடினேன். வார்மர் அணைந்து கிடந்தது. குழந்தையின் அம்மா, சேத்தியாத்தோப்புப் பெண், பிள்ளையை மாரோடு அணைத்திருந்தாள். ஸ்டெல்லா சிஸ்டர் மேலே கம்பளியைப் போர்த்தி, பிஞ்சுக் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். காலில் சூடு குறைந்துகொண்டே வந்தது.

நான் கேட்காமலே கணக்கர் குல்லாவோடு ஓடி அறை அறையாக ஏசியை நிறுத்தினார். கலியம்மா ஈரப் புடவைகளை வாரிக்கொண்டு, ஃபேன் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்தார். கீழே இறங்கி மறுபடி போட்டேன், இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. குழந்தை வார்மருக்குத் திரும்பியது. வராந்தா லைட்டை என்ன செய்ய என்று, கீழே வந்த சிஸ்டரைப் பார்த்தேன்.

"எல்லாத்தையும் நிறுத்துங்கய்யா. லட்சுமி மாடியிலதான் இருக்குது."

வீட்டுக்குப் போன நாள்

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியே விசிறிமட்டையோடு அலைந்தது. குழந்தைக்கு எடை ஏறியது. ஊருக்குப் புறப்பட்ட அன்று அந்தப் பெண் ஆட்டோவில் உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க பெரியவரே. ஆனா இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியில ஒரு ஃபேன்கூடவா வேல செய்யல?"

கரண்டை மிச்சம் பிடி என்றால் எங்கள் ஆட்கள் பிடிக்க மாட்டார்கள். யாருக்காக என்று கண்ணில் பட்டால் பிடிப்பார்கள், அந்த ஆள் ஆட்டோ ஏறுகிற வரைக்கும்.