தாய் வேடத்துக்கு ஒரு ரிலீவர்

சென்னையில் நான் சேர்ந்த இசை நாடகக் குழுவில் முதல் பாடமே ஓடிக்கொண்டு பாடுவதுதான். ஒத்திகைக் கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவோம். ஆர்மோனியக்காரர் சுருதியை விடாமல் பிடித்திருப்பார். மூச்சு இரைக்கலாம், பாட்டு நிற்கக் கூடாது. நின்றால் மறுபடி பல்லவியிலிருந்து. அப்புறம் சுமை தூக்கிக்கொண்டு பாடுவது, அழுதுகொண்டு பாடுவது. என் முகம் சுமார், குரல் நன்றாக இருந்தது. அதனால் இருபதுகளிலேயே தலையில் வெள்ளைப் பொடி தூவித் தாய் வேடம் கொடுத்தார்கள்.

எங்கள் நாடகம் ஒன்றில் சந்தையில் மகளைத் தொலைத்த தாய் கடை கடையாகப் பாடித் தேடுவாள். கடைசி வரியில் சொல் கிடையாது. மேல் ஸ்தாயியில் நீண்ட ஒரு கூப்பாடு மட்டும். அதற்காகவே என்னைக் கூப்பிட்ட ஊர்கள் உண்டு. செங்கல்பட்டில் ஒருநாள் அந்த இடத்தில் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. குரல்நாணில் முடிச்சு என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சைக்குப் பின் பேச்சு திரும்பியது. மேல் ஸ்தாயி திரும்பவில்லை.

கணவருக்கு ஒரகடத்தில் வேலை, ஸ்ரீபெரும்புதூரில் வாடகை வீடு. பக்கத்தில் ஃபேக்டரிப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. ஆயுத பூஜைக்குக் கலைநிகழ்ச்சி வேண்டும் என்று வார்டன் கேட்டார். நான் சந்தை நாடகத்தைச் சொன்னேன். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் காலையிலும் பகல் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் மாலையிலுமாகச் சாப்பாட்டுக் கூடத்தில் பாடம் நடந்தது. ஷிஃப்ட் முழுக்க நின்ற கால்களோடு வந்து, மறுபடியும் நின்று பாடினார்கள். ஒருத்திக்குச் சுருதி பிடிபடும் அந்த நொடியில் அவள் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே தினமும் போனேன். மேடையில்கூட எனக்கு அப்படி ஒரு பசி இருந்ததில்லை.

தாய் வேடத்துக்குத் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தியை எடுத்தேன். பேசும்போது பாதிச் சொல் விழுங்கிவிடுவாள். பாடினால் அந்தக் கூப்பாடு சமையலறைக்குள் தட்டு கழுவுகிறவர்களை வெளியே கொண்டுவந்தது. கடைசி வரிக்கு முன்னால் தப்பான இடத்தில் ஒரு குட்டி மூச்சு எடுப்பாள். நான் திருத்தவில்லை. அழுகையை அடக்குகிற மூச்சுபோல இருந்தது. இவள் ஒருத்தியை மேடைக்குக் கொண்டுபோய்விட்டால் போதும் என்று நினைத்தேன். என் பழைய குழுவில் பேசியும் வைத்தேன். நாடகத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

காய்கறிக்காரி வேடம் வாலாஜாபாத் பெண்ணுக்கு. "அவ தொண்டைல ஸ்பீக்கர் வெச்சிகினு பொறந்துட்டா மிஸ். எங்களுக்கு கம்பெனி பஸ் ஹாரன்தான் கீது" என்பாள். ஒருநாள், "அவ வரலன்னா கவலப்படாதீங்க, நான் ரிலீவர்" என்றாள். ஃபேக்டரி லைனில் ஒருத்தி பாத்ரூம் போனால் அவள் இடத்தில் வந்து நிற்பவளுக்கு ரிலீவர் என்று பெயர். லைன் நிற்கக் கூடாது. அதனால் பக்கத்தில் இருப்பவள் வேலையை எல்லோரும் பார்த்தே கற்றுவைத்திருப்பார்கள்.

"இது லைன் இல்லம்மா, நாடகம்" என்று சிரித்தேன்.

நிகழ்ச்சி அன்று மதியம் போனபோது வார்டன் வாசலிலேயே நின்றிருந்தார். "அந்தப் பொண்ணு பேட்ச்சுக்கு காண்ட்ராக்ட் முடிஞ்சிச்சிம்மா. காலையிலயே வேன்ல ஏத்தி அனுப்ச்சிட்டாங்க. அவளுக்கே நேத்துதான் தெரியும்."

நாடகத்தை நிறுத்திவிடலாம் என்றேன்.

"இன்னா மிஸ் நிறுத்தறது? நான் நிக்கறேன்" என்றாள் வாலாஜாபாத் பெண். தலையில் ஏற்கெனவே வெள்ளைப் பொடி.

"காய்கறிக்கு?"

"என் கீழ் பெட்டுக்காரி. அவ எடத்துக்கு குன்றத்தூர் பொண்ணு. எல்லாம் காலைலயே பேசியாச்சி. நீங்க போய் குந்துங்க."

உட்கார்ந்தேன். ஒரு வரி தவறவில்லை. ஒருத்தியும் இடம் மாறி நிற்கவில்லை. கடைசிக் கூப்பாடு அதே உயரத்துக்குப் போனது. அதற்கு முன்னால் அந்தத் தப்பான இடத்துக் குட்டி மூச்சும் இருந்தது. அதையும் பார்த்துக் கற்றுவைத்திருந்தாள். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. பழைய குழுவிலிருந்து வந்தவர் என் பக்கம் குனிந்து, "நீங்க சொன்ன பொண்ணு இவதானே? பிரமாதம்" என்றார். இல்லை என்றேன். "அப்படியா, யாரா இருந்தா என்ன" என்று மோர் வாங்கப் போனார்.

வாலாஜாபாத் பெண் வியர்வையோடு ஓடிவந்தாள். "எப்டி மிஸ்? லைன் நிக்கல பாத்தீங்களா?" அவளைப் பாராட்டினேன். அவள் செய்தது எனக்காக. அன்று என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அத்தனை பேரும் கூடி முடிவெடுத்திருந்தார்கள். அதனால் தென்காசிப் பெண்ணின் இடம் தடயமில்லாமல் நிரம்பிவிட்டதற்கு அவர்கள் யார் மீதும் கோபப்பட வழியில்லை.

மறுநாள் தென்காசியிலிருந்து போன் வந்தது.

"நாடகம் நடந்துச்சா மிஸ்?"

"நடந்தது."

"என் பாட்ட யாரு பாடுனா?"

சொன்னேன்.

"நல்லா பாடுனாளா?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. "நல்லா பாடினா" என்றேன்.

பின்னால் மிக்சி ஓடுகிற சத்தம். அது நின்றதும் சொன்னேன்.

"நீ பாட்டை விட்டுடாதே. பொங்கலுக்கு அப்புறம் வா, நான் குழுவில் சொல்லி..."

"வீட்ல மாப்ள பாக்காவ மிஸ்." பிறகு சாதாரணமாக, "அதான் பாடுததுக்கு ஆளு இருக்குல்லா" என்றாள்.

அதற்கு நான் ஏதோ சொன்னேன். அவளைத் திரும்ப வரவைக்கிற சொல் இல்லை அது. பிறகு அந்த எண் கிடைக்கவில்லை.

அந்த வாரமே விடுதிக்குப் புதிய பேட்ச் வந்து இறங்கியது. வகுப்பு என்றைக்கு என்று வார்டன் கேட்டார். சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.