பொத்துவில் வரை கயிறில்லாமல்

சுபஹு தொழுதுவிட்டு வந்து காரை மூடியிருந்த படங்கை இழுத்தேன். கல்முனைக்குடியில் இருந்து பொத்துவில் கிட்டத்தட்ட எழுபது கிலோமீற்றர். பஸ்ஸில் பலமுறை போயிருக்கிறேன். இந்தக் காரில் இதுதான் முதல்.

இது ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். பழையது. இரண்டு பேர்தான் இருக்கலாம். லைட் போட்டால் முன்னால் இரண்டு கண் எழும்பும். கண்டியில் ஒரு வீட்டில் ஓடாமல் கிடந்தது. லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். கேட், கிறில் வெல்டிங்கில் ஒட்டுவது என் தொழில். இரும்பு கைக்குப் பழக்கம். துருப்பிடித்த அடித்தட்டை வெட்டிப் புதிதாக ஒட்டினேன். எஞ்சினைக் கழற்றிப் பூட்டிப் பழகினேன். ஸ்பிரிங்கை மாற்றி இரண்டு அங்குலம் தாழ்த்தினேன். முன் பம்பரின் வாயை அகலமாக வெட்டினேன். காற்று நிறையப் போனால் எஞ்சின் சூடாகாது என்பது என் கணக்கு.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். வீடும் அதைச் சுற்றின வளவும் பெண்ணுக்குத்தான். கார் நிற்பதும் என் மனைவி ஜெஸீமாவின் வளவில்தான். அவள் போ என்றால் அது போகவேண்டும். போன கிழமை அவள் சொல்லிவிட்டாள்.

"பொத்துவில் ராத்தாட வீட்டுக்கு இதுல போய்ட்டு வருவம். கயிறு கட்டி இழுக்காம வந்து சேர்ந்தா நிக்கட்டும். கயிறு பட்டா வித்துரணும். சரியா?"

"ஓம்" என்றேன். ராத்தா என்றது அவளுடைய அக்காவை.

ஏழு மணிக்கு வெளிக்கிட்டோம். கதவைத் திறந்து இருக்கையில் இறங்கியவள் முதலில் சொன்னது இதுதான்:

"றோட்டுல பாய் விரிச்சிக் குந்தின மாதிரி இரிக்கு."

சாய்ந்தமருது நெரிசலில் பஸ்ஸின் டயர் எங்கள் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. காரைதீவுச் சந்தியில் கொஞ்சம் வேகம் பிடிக்கலாம் என்று பார்த்தேன். நெல் ஏற்றிய டிராக்டர்கள் சம்மாந்துறைப் பக்கம் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஆவணி அறுவடை. காத்து நின்றேன். நிந்தவூரில் ஒரு ஓட்டோக்காரர் பக்கத்தில் வந்து தலையை நீட்டினார். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்.

"காக்கா, இது சின்னப் புள்ளையில வாங்கின காரா? நீங்க வளந்துட்டீங்க, காரு வளரல்ல."

ஜெஸீமா சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

ஒலுவிலில் துறைமுகத்துக்குப் போகும் திருப்பத்தில் மீன் லொறிகள் தண்ணீர் ஒழுக நின்றன. அதைத் தாண்டியதும் றோட்டு திறந்தது. அங்கேதான் முதல்முறை நாலாம் கியரைப் போட்டேன். சத்தம் ஒரே சீராக வந்தது. வேகம் பெரிதல்ல. பக்கத்தில் வான்கள் எங்களை முந்தின. ஆனால் நிலத்தோடு ஒட்டிப் போகிறபோது அறுபதே நூறு மாதிரி இருக்கும். ஸ்டீயரிங்கில் றோட்டின் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரியும். இதற்காகத்தான் இவ்வளவு பாடு.

அக்கரைப்பற்றில் பிளேன்டீ குடித்தோம். கடை வாசலில் காரைச் சுற்றி ஆள் சேர்ந்தது. லைட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். பொனட்டைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். ஜெஸீமா உள்ளே இருந்தபடி, "இன்னும் ஒருக்காத் திறந்தா டிக்கெட் போடுங்க" என்றாள்.

திருக்கோவில் தாண்டியபோது ஒன்பது மணிக்கு மேல். எங்கள் மாவட்டத்துக்கு வராதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அறுவடை நாளில் இங்கே றோட்டில் பாதி வாகனத்துக்கு, பாதி நெல்லுக்கு. தார் சூட்டில் நெல் கெதியாகக் காயும். ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். வாகனம் வந்தால் மற்றப் பாதியால் போகும். யாரும் சண்டை பிடிப்பதில்லை.

எதிரே ஒரு பஸ் வந்தது. அது விலக இடமில்லை. நான் நெல்லுக்குள் இறக்கினேன்.

மற்றக் கார் என்றால் மேலால் போயிருக்கும். என் கார் போகவில்லை. வாரியது. மூக்குக்கு முன்னால் நெல் ஒரு குவியலாக எழும்பிப் பொனட்டில் கொட்டியது. நிறுத்தினேன். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் பலகையோடு வந்தார். ஏசப்போகிறார் என்று இறங்கி நின்றேன். அவர் குவியலைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

"என்ன மனே, இது காரா, நெல்லு வாருற பலகையா?"

"மன்னிச்சிக்கொள்ளுங்கம்மா. அள்ளித் தாறன்."

"அள்ளுறது கிடக்கட்டும். பின்னேரம் இதால திரும்பி வருவீங்களா? மிச்சத்தையும் ஒருக்காத் தள்ளித் தந்திட்டுப் போங்க."

மூன்று பேருமாக நெல்லைத் திரும்பப் பரப்பினோம். பொனட்டில் கிடந்ததைக் கையால் வழித்தேன். பம்பருக்குள் பார்க்கவில்லை.

கோமாரிக்கு வரமுன் எஞ்சின் சூடு காட்டும் முள் ஏறியது. ஒரு பக்கம் உப்புத் தண்ணீர்க் களப்பு. ஒரு பக்கம் பற்றை. மரம் ஒன்று கண்டதும் ஒதுக்கி எஞ்சினை நிறுத்தினேன்.

குனிந்து பார்த்தேன். நான் அகலமாக வெட்டிய வாய் நிறையப் பதர். ரேடியேட்டர் தெரியவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த கரண்ட் காற்றாடியில் வைக்கோல் சுற்றி இறுகி, அது உறுமியது, சுற்றவில்லை. காற்றுக்கு வாயை வெட்டியவன் அதற்கொரு வலை போட்டிருக்கவேண்டும். போடவில்லை.

ஜெஸீமா வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் கிறில் அடிச்சிக் குடுக்கிறீங்க. ஒங்கட காருக்கு ஒரு வலை இல்ல."

நான் குந்திப் பதரை அள்ளத் தொடங்கினேன்.

அந்த நேரம் ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பொத்துவில்காரர். நல்ல மனிசன். கேட்காமலே சீட்டுக்கு அடியில் இருந்து கயிற்றை எடுத்தார்.

"ஊருக்குத்தான் போறன். கட்டுவமா? இழுத்துக்கொண்டு போய் விடுறன்."

நான் பதருக்குள் கையை விட்டபடி இருந்தேன். தலையைத் தூக்கவில்லை. அவள் பேச்சு ஒரே பேச்சு. கட்டுங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வளவு வெறுமையாகிவிடும்.

"வேணாம் காக்கா" என்றாள் ஜெஸீமா. "இவரு கையை வச்சிட்டாரு. இனி அத முடிக்காம எழும்ப மாட்டாரு."

"வெயிலு கூடப் புள்ள."

"பரவால்ல. நாங்க நிப்பம்."

அவர் ஒரு போத்தல் தண்ணீர் தந்துவிட்டுப் போனார்.

வைக்கோல் காற்றாடியின் அச்சில் நூல்போலச் சுற்றியிருந்தது. என் விரல் போகவில்லை. ஜெஸீமா முக்காட்டில் இருந்து ஊசி ஒன்றைக் கழற்றி நீட்டினாள். அதால் ஒவ்வொன்றாக நெம்பி இழுத்தேன். அவள் பக்கத்தில் குந்தி ரேடியேட்டரில் இருந்த பதரைத் தட்டித் தட்டி எடுத்தாள். அபாயா முழுக்க உமி. எஞ்சின் ஆறியபிறகு மூடியைத் திறந்து தண்ணீர் விட்டேன். பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினேன். முள் மெல்ல ஏறியது. காற்றாடி சுற்றியது. முள் இறங்கியது.

"போவம்" என்றாள்.

பகல் சாப்பாட்டுக்குப் பொத்துவில் போய்ச் சேர்ந்தோம். ராத்தா வாசலில் நின்று, தங்கையின் அபாயாவைப் பார்த்து, "காருல வந்தியா, களத்துல இருந்து வந்தியா?" என்று கேட்டார். ஜெஸீமா சாப்பிட்டு முடியும் வரை கதை சொன்னாள். அவள் சொன்ன கதையில் நெல்லை வாரியது எதிரே வந்த பஸ்ஸின் பிழை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்பினோம். காரின் துணிக்கூரையை மடித்துவிடச் சொன்னது அவள்தான். முக்காட்டை இறுக்கிக்கொண்டாள். கோமாரி நேர் றோட்டில் களப்புக் காற்று முகத்தில் அடித்தது. ஐந்தாம் கியர். முள் நடுவில் அசையாமல் நின்றது. அவள் கண்ணை மூடியிருந்தாள். நித்திரையா என்று பார்த்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

பொத்துவில் றோட்டு அகலம். எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை ஒடுக்கம். அங்கே ஐந்தாம் கியரில் வந்த கார் இங்கே முதலாம் கியரில் கோழிகளுக்கு வழிவிட்டு ஊர்ந்தது. பொழுதுபட, மஃரிபு தொழுகைக்கு முன் வாசலில் நின்றோம். ஜெஸீமா இறங்கிக் கேட்டைத் திறந்தாள். நான் வழமையான மதிலோரத்துக்குத் திருப்பினேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மாரி மழைக்கு முன்ன இதுக்கொரு கூரை போடணும்."

"எங்க?"

அவள் கிணற்றடிப் பக்கம் போய்ச் செருப்பைக் கழற்றினாள். குதிக்காலால் மண்ணில் கோடு இழுத்தாள், தூணுக்கு இங்கே, இங்கே என்று. நான் இறங்கி அடி வைத்து அளந்து பார்த்தேன். கார் நிற்க இடம் சரி. என் பக்கக் கதவு திறக்க இடம் விட்டிருந்தாள். அவள் பக்கத்துக்கும் விட்டிருந்தாள்.