கண்ட்ரோலும் சி-யும்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் பல வருடங்களாகக் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். டிசைன்களை அச்சுப் பிளேட் போடுவதற்கேற்ற கோப்புகளாக மாற்ற வேண்டும். கட்டளையைத் தட்டினால் கறுப்புத் திரையில் ஒவ்வொரு மாதத்தின் பெயராக வரிகள் ஓடும்.

ஒரு சீசனில், ஜூலை ஓடிக்கொண்டிருந்தபோது எச்சரிக்கை வரி ஒன்று வந்தது. சாஃப்ட்வேர்காரர்களுக்கு அனுப்பலாமென்று அதை மவுஸால் தேர்ந்தெடுத்து, காப்பி எடுக்கக் கண்ட்ரோலையும் சி-யையும் அழுத்தினேன். அந்தத் திரையில் அது காப்பி எடுக்காது. ஓடுகிற வேலையை நிறுத்திவிடும். தெரிந்ததுதான், கை முந்திக்கொண்டது. திரும்ப ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். ஜூலைக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறதென்று, பாதியில் நின்ற அதைக் கம்ப்யூட்டர் அப்படியே விட்டுவிட்டு அடுத்த மாதத்துக்குப் போனதை நான் கவனிக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் வந்து மிச்ச வேலையைப் பார்த்தது புதிதாகச் சேர்ந்த ஆமத்தூர்ப் பெண். அவள் அப்பா, அம்மா இருவரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள்.

மறுநாள் ஜூலைத் தாள்கள் கீழ்ப்பாதி வெள்ளையாக வந்து குவிந்தன. முதலாளி மேலே ஏறி வந்தார்.

"நேத்து கம்ப்யூட்டர்ல யாருய்யா இருந்தது?"

"மத்தியானத்துக்கு மேல அந்தப் புள்ளதான் இருந்துச்சு" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

வேலையைப் பாதியில் நிறுத்தியது அவள்தான் என்று, கீழே பைண்டிங்கில் தாள் அடுக்க அனுப்பிவிட்டார். "நான் எதையும் நிறுத்தலண்ணே" என்றாள் என்னிடம். "சரி, பாப்போம்" என்றேன்.

சாயங்காலம் அவளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. கீழே போகுமுன் திரையை மேலே உருட்டி, பழைய வரிகளை முறையாகக் காப்பி எடுத்திருக்கிறாள். ஜூலைக்கு அடுத்து, நான் நிறுத்தியதற்கான குறி இருந்தது. பக்கத்தில் நேரம். அவள் அப்போது மாடிக்கே வந்திருக்கவில்லை. கீழே எழுதியிருந்தாள்: 'மொதலாளிக்கு அனுப்பலண்ணே. நீங்களே சொல்லிருங்க.'

இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் போய் நின்றேன்.

"நீயா செஞ்ச?" முதலாளி சிரித்தார். "சரி விடு, வேலைன்னா அப்படித்தான். அந்தப் புள்ளய வரச் சொல்லு."

அவ்வளவுதான். அதே தவறுக்கு அவள் மூன்று நாள் நின்றுகொண்டே தாள் அடுக்கியிருந்தாள். விரலெல்லாம் தாள் கீறிய கோடுகள். பைண்டிங் மேசை முன்னால் நின்று, "மேல வாம்மா" என்று மட்டும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

"இந்த ஒரு கட்டு முடிச்சிட்டு வாரேன்" என்றாள், நிமிராமல்.