மூன்று ஓட்டு எம்.எல்.ஏ.

தேர்தல் வேலையில் ஊறியவன் நான். பெயர் குமரகுருபரன். தாலுகா ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்து, துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றேன். வேட்புமனுவைப் புரட்டும்போதே இவர் ஜெயிப்பார், இவருக்கு டெபாசிட் போகும், இவர் மைத்துனன் மேலுள்ள கோபத்தில் நிற்கிறார் என்று சொல்லிவிடுவேன். சொன்னது தப்பியதில்லை, ஒரே ஓர் ஆள் விஷயத்தில் தவிர. அந்த ஆள் ஜுபைதா பீவி. என்னை இப்படி மூக்குடைத்தவரைப் பற்றி நானே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது? தொகுதிப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் இன்றைக்கும் வீட்டு வாசலில் வந்து சண்டை போட ஆள் இருக்கிறது.

ஜுபைதா பீவி பிறந்தது மேலப்பாளையம். கட்டிக்கொடுத்தது கால்வாய்க்கரைப் புதூரில். கணவர் சவூதிக்குப் போய் இரண்டாம் வருஷமே அங்கே இறந்துபோனார். அன்றிலிருந்து பீடிதான் சோறு போட்டது. ஒரே மகள் முஃபீதா. படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் புதூர்ப் பெண்கள் பள்ளி பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். பதினொன்றாம் வகுப்புக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும், சாயங்காலம் திரும்பும்போது விளக்கு வைத்துவிடும். அந்த ஊரில் எந்த வீட்டிலும் பெண்ணை அப்படி அனுப்பியதில்லை. 2006இல் முஃபீதா பத்தாம் வகுப்பில் நானூற்று எழுபது மார்க் வாங்கினாள். மறு வாரமே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்தாள்.

அதற்குச் சில மாதம் முன்பே, இப்படி நடக்கும் என்று தெரிந்து, பள்ளியைத் தரம் உயர்த்தக் கேட்டு ஜுபைதா பீவி அப்போதைய எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தார். ஏழாவது முறை அங்கிருந்த உதவியாளர், “நீயே நின்னு ஜெயிச்சு, நீயே தொறந்துக்கோ தாயி” என்று சொல்லிச் சிரித்தாராம். வேறு யாராக இருந்தாலும் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருப்பார்கள். இந்த அம்மா நேரே என் மேசைக்கு வந்தார்.

“சார், எலெக்‌ஷன்ல நிக்க என்ன தாள் வேணும்?”

முன்மொழியப் பத்து வாக்காளர் வேண்டும் என்றேன். மறுநாள் பத்துப் பெண்களோடு வந்து நின்றார். பத்துப் பேர் விரலிலும் புகையிலை வாசம். பத்துப் பேர் வரிசை எண்ணும் பாகம் எண்ணும் பிசகாமல் எழுதியிருந்தது. நான் மனதுக்குள் நூற்றைம்பது ஓட்டு என்று போட்டுவைத்தேன். கிடைத்தது நானூற்றுப் பன்னிரண்டு. சின்னம் அலமாரி. “ஓட்டெல்லாம் அதுக்குள்ள வச்சிப் பூட்டிட்டியளா?” என்று தெருவில் கேலி செய்தார்கள்.

2011இல் கிரிக்கெட் மட்டை. ஆறாயிரத்துச் சொச்சம் ஓட்டு, மறுபடி டெபாசிட் காலி. ஆனால் அதே வருஷம் ஊராட்சித் தலைவர் தேர்தலில் ஜெயித்துவிட்டார். ஐந்து வருஷம் தலைவியாக இருந்து, நிறுத்திவைத்திருந்த ஆற்றுக் குடிநீர்க் குழாயை எட்டு ஊருக்குக் கொண்டுவந்தார். குழாயில் தண்ணீர் வந்தால் தானாக ஓட்டும் வரும். 2016இல் எனக்கே பயமாக இருந்தது. போதாக்குறைக்கு, மூன்று சுயேச்சைகள் கேட்ட கத்தரிக்கோல் சின்னம் குலுக்கலில் இவருக்கு விழுந்தது. பீடி இலை வெட்டுகிற ஊரில் இதைவிட என்ன வேண்டும்? நோட்டீஸே தேவைப்படவில்லை. பெண்கள் கையிலிருக்கும் கத்தரியைத் தூக்கிக் காட்டினால் பிரசாரம் முடிந்தது.

தோற்றார். முந்நூற்றுப் பதினெட்டு ஓட்டில்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. பீடி இலையை முந்தின ராத்திரியே நனைத்து வைப்பார்கள். நனைத்த இலையை மறுநாள் வெட்டிச் சுற்றிவிட வேண்டும், விட்டால் கறுத்துப்போகும். தேர்தல் நாள் விடுமுறை, பிள்ளைகளும் வீட்டில் இருக்கும், கூட நாலு கட்டுச் சுற்றலாம் என்று வீட்டுக்கு வீடு வழக்கத்தைவிட அதிகமாக நனைத்துவிட்டார்கள். சுற்றி முடித்துவிட்டு நாலு மணிக்கு ஓட்டுப் போடப் போகலாம் என்று திட்டம். மூன்றரைக்கு வானம் பொத்துக்கொண்டது. மழை விட்டு ஓடிவந்தபோது மணி ஆறைத் தாண்டி, பூத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். நானூறு பெண்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள். இதில் கொடுமை, வேட்பாளரே தன் வீட்டில் இலை நனைத்து வைத்திருந்தார்.

அடுத்த தேர்தலுக்கு முன் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஒருநாள் காலை, பாளையங்கோட்டையில் என் வீட்டுக் கதவைத் தட்டி, “அண்ணாச்சி, ஓட்டுக் கேக்க வரல, சட்டம் கேக்க வந்திருக்கேன். எனக்குத் தலைமை ஏஜெண்டா இருங்க” என்றார். முஃபீதாவின் மகள், பேத்தி ஸமீஹா எட்டாம் வகுப்பு படிக்கிறாள் என்றார். இன்னும் இரண்டு வருஷத்தில் அவளும் பத்தை முடித்துவிடுவாள்.

“இந்தத் தடவ விட்டா, அவளும் முறத்துக்குத்தான் வருவா. மகளுக்குச் செய்ய முடியல. பேத்திக்கும் முடியலேன்னா நான் எதுக்கு நின்னேன்?”

நான் யோசிக்கிறேன் என்றேன். உள்ளேயிருந்து என் மனைவி ஞானம்பாள் குரல் கொடுத்தாள். “யோசிக்க என்ன இருக்கு? வீட்ல இருந்து எங்கிட்ட சட்டம் பேசுததுக்கு அங்கன போயிப் பேசுங்க.” அப்படித்தான் நான் ஏஜெண்ட் ஆனேன்.

என் முதல் உத்தரவு எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. வாக்குப்பதிவுக்கு முந்தின ராத்திரி ஒரு வீட்டிலும் இலை நனைக்கக் கூடாது. பீடிச் சங்கத்துப் பெண்கள் தெருத்தெருவாகப் போய் இலை நனைக்கும் பானையைத் தொட்டுப் பார்த்தார்கள். காலை ஏழு மணிக்கே பூத்து வாசலில் பெண்கள் வரிசை தெரு முனையைத் தாண்டியிருந்தது.

ஓட்டு எண்ணிக்கை 2021 மே மாதம், கொரோனா உச்சத்தில். நோன்பு மாதம் வேறு. பரிசோதனைச் சீட்டு இருந்தால்தான் மண்டபத்துக்குள் விடுவார்கள். ஜுபைதா பீவியும், ஏஜெண்டாக வந்த முஃபீதாவும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வேட்பாளர் பெரிய கட்சிக்காரர், அரிசி ஆலை முதலாளி. இவர் ஒரு சுற்றில் முந்துவார், அவர் அடுத்த சுற்றில் முந்துவார். கடைசிச் சுற்று முடிந்தபோது மாலை மணி நாலரை. அவர் பதினோரு ஓட்டு முன்னால்.

வெளியே அவர் ஆட்கள் கத்துவது கேட்டது. முஃபீதா முகத்தை மூடிக்கொண்டாள். நான் எழுந்தேன். ஏனென்றால் ஆற்றோரத்து பூத்து ஒன்றின் இயந்திரத்தை எண்ணாமல் தனியே வைத்திருந்தார்கள். வாக்குப்பதிவு நாள் காலையில் சோதனைக்குப் போட்ட ஐம்பது ஓட்டின் அச்சுச் சீட்டுகளை எடுத்துவிட்ட அந்த பூத்து அலுவலர், இயந்திரத்தில் அவற்றை அழிக்க மறந்துவிட்டார். பதிவேட்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர், இயந்திரத்தில் அறுநூற்று அறுபத்திரண்டு. வித்தியாசம் பதினொன்றுதான், பூத்தில் அதைவிட அதிக ஓட்டு இருக்கிறது. ஆகவே இயந்திரத்தோடு இருந்த பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு ஓட்டுக்கும் அதில் விழுந்த அச்சுச் சீட்டுகளை எண்ணியே தீரவேண்டும். இதை முழங்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் தேர்தல் அதிகாரியே சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கம்பி வலைக்குள் ஓர் அலுவலர் சீட்டுகளைப் பிரித்து, எண்ணி, இருபத்தைந்து இருபத்தைந்தாக ரப்பர் போட்டு, வேட்பாளருக்கு ஒன்றாக இருந்த மரக்குழிக்குள் அடுக்கினார். வலைக்கு வெளியே நாங்கள். கணக்கு வந்தது. அரிசி ஆலைக்காரருக்கு இருநூற்று எண்பத்தாறு, எங்களுக்கு இருநூற்றுத் தொண்ணூற்று நாலு, மற்றவர்களுக்கு முப்பத்திரண்டு. கூட்டினால் அறுநூற்றுப் பன்னிரண்டு. எட்டு ஓட்டு கூடுதலாக வந்தும் போதவில்லை. மூன்று ஓட்டில் தோல்வி.

நான் பேனாவை மூடினேன். கூட்டுத்தொகை சரியாக இருந்தால் கோப்பைக் கட்டிவிடுகிற பிறவி நான். அப்போது முஃபீதா வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சார், எங்கம்மா குழியில மேல இருந்து மூணாவது கட்டு தடியா இருக்கு.”

“மொத்தம் சரியா இருக்கும்மா” என்றார் அலுவலர்.

“உட்காரும்மா, கூட்டுத்தொகை பொய் சொல்லாது” என்று நானும் சேர்ந்து அதட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் உட்காரவில்லை. “பதினஞ்சு வருசமா தெனமும் நாப்பது கட்டுக் கட்டுதேன். கட்டுக்கு இருபத்தஞ்சு பீடி. ஒண்ணு கூடக் கொறைய இருந்தா ராத்திரி தூக்கத்துல கூட என் கண்ணு சொல்லிரும். எங்கம்மாவுது தடியா இருக்கு. அவுக குழியில அடிக்கட்டு மெலிஞ்சிருக்கு. பிரிச்சு எண்ணுங்க சார்.”

ஜுபைதா பீவி மகளைப் பார்த்தார். பிறகு பைய எழுந்து, “எழுதிக் குடுக்கணும்னா இப்பவே எழுதித் தாரேன் சார்” என்றார். எனக்கு அப்போதுதான் சொரணை வந்தது. வேட்பாளர் மறு எண்ணிக்கை கேட்கலாம். பேனாவைத் திறந்து நானே மனுவை எழுதினேன்.

ரப்பரைக் கழற்றினார்கள். எங்கள் மூன்றாவது கட்டில் இருபத்தெட்டு. அவருடைய அடிக்கட்டில் இருபத்திரண்டு. அலுவலர் காலையிலிருந்து எண்ணியவர், களைப்பில் எங்கோ கை தவறியிருக்கிறது. இங்கே மூன்று கூடி அங்கே மூன்று குறைந்ததால் மொத்தம் மட்டும் பத்தினியாக நின்றுவிட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் குதித்தார்கள். எல்லாக் கட்டையும் பிரித்து இரண்டு தடவை எண்ணினார்கள். இரண்டு தடவையும் அதேதான். எங்களுக்கு இருநூற்றுத் தொண்ணூற்று ஏழு, அவருக்கு இருநூற்று எண்பத்து மூன்று. ஜுபைதா பீவி மூன்று ஓட்டில் வெற்றி.

அறிவித்தபோது ஆறரை மணி இருக்கும். தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. மண்டபத்தில் குடிக்க ஒன்றும் இல்லை, என் பையில் அரை பாட்டில் தண்ணீர் இருந்தது. நீட்டினேன். அவர் வாங்கி மகள் கையில் கொடுத்தார். “நீ மொதல்ல நோன்பு தொறட்டி.” அவள் குடித்தாள், விக்கினாள், அழுதாள். அரிசி ஆலைக்காரர் வந்து, “மூணே மூணு ஓட்டும்மா” என்றார் ஆற்றாமையோடு. “நானூத்திப் பன்னெண்டுல தொடங்குனவ நான், மூணு எனக்கு ஏராளம்” என்று ஜுபைதா பீவி கையெடுத்துக் கும்பிட்டார். வெடி போடத் தடை, ஊர்வலத்துக்குத் தடை. புதூர்ப் பெண்கள் அவரவர் வாசலில் நின்று கத்தரியைத் தட்டினார்களாம். தெரு முழுக்க அந்தச் சத்தம் மட்டும்தான் என்று சொன்னார்கள்.

சென்னையில் சுயேச்சைக்குப் பேச நாலு நிமிஷம் கொடுத்தார்கள். நாலு நிமிஷமும் பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசினார். கோட்டையில் அந்த அறைக்கும் இந்த அறைக்கும் எத்தனை நடை நடந்தார் என்று நான் எண்ணவில்லை. தரம் உயர்த்திய அரசாணை 2023 பிப்ரவரியில் வந்தது. ஸமீஹா அப்போது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஜூனில் பதினொன்றாம் வகுப்புத் தொடங்கிய அன்று நானும் போயிருந்தேன். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். எல்லாரும் பிரார்த்தனைக்கு மைதானத்தில் நின்றபோது, முஃபீதாவைக் காணோம் என்று ஜுபைதா பீவி தேடினார். புது வகுப்பறையில், முதல் பெஞ்சில், அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் டெஸ்க்கின் மேல் வைத்துக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் முப்பத்து மூன்று வயசுக்காரி, தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளையாக எழப் பார்த்தாள்.

எம்.எல்.ஏ. வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். வெளியே பிள்ளைகள் வரிசையாக வரும் சத்தம் கேட்டது.

“இரிட்டி” என்றார். “மணி அடிக்கட்டும்.”