காத்துப் பிடிக்கும் மெஷின்

திருகோணமலைத் துறைமுகத்தடியில், பரீதா ராத்தா வீட்டு முற்றத்தில் ஒரு கருவி வைத்தேன். அது காற்றை இழுத்துத் தூசை வடிதாளில் படியவிடும். அந்தத் தாளை அகச்சிவப்புக் கதிரில் பரிசோதித்தால், தூசில் என்ன சேதனச் சேர்வைகள், அதாவது கரிமப் பொருள்கள், உண்டென்று வரைபடத்தில் தெரியும். கப்பல் புகைதான் வரும் என்று நினைத்திருந்தேன்.

வரைபடத்தில் எழுந்ததோ மரப்பிசின் எரிந்ததைக் காட்டும் உச்சம். துறைமுகத்தில் யார் பிசின் எரிக்கிறார்கள்? தாளை மாற்றினேன், கருவியைக் கழுவினேன். உச்சம் இன்னும் கூடியது.

ஒருநாள் மாலை போனபோது, ராத்தா சாம்பிராணிச் சட்டியோடு கருவியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"என்ன ராத்தா இது?"

"நீங்கதானே தம்பி சொன்னீங்க, இது காத்தப் பிடிக்கிற மெஷின் எண்டு. பிடிச்ச காத்து வெளிய வந்து ஆக்கள்ல ஏறினா என்ன செய்யிற? அதான் ஒவ்வொரு நாளும் புகை காட்டுறன்."

நான் சொன்னது மூச்சுவிடும் காற்றை. அவருக்குக் கேட்டது பேய்க் காற்று.

"இதுக்குள்ள பேய் ஒண்டும் இல்ல ராத்தா."

உள்ளே அவருடைய கணவர் விடாமல் இருமினார்.

"அப்ப இது வந்த பிறகு இவருக்கு ஏன் இழுப்புக் கூடினது?"

சட்டியைப் பார்த்தேன். சாம்பிராணியும் மரப்பிசின்தான்; என் கேள்விக்கும் அவருடைய கேள்விக்கும் பதில் அதிலிருந்து புகைந்துகொண்டிருந்தது. சாம்பிராணியை நிறுத்தச் சொல்லி, கருவியையும் கழற்றிக்கொண்டு வந்தேன்.

அந்தத் தாள்களை எறிய மனம் வரவில்லை. நான் வைத்த கருவியால்தானே அந்த வீட்டில் இழுப்புக் கூடியது; அதற்குள் பேய் இல்லை என்று நான் சொன்னது சரிதானா என்பதுகூட இப்போது தெரியவில்லை.